குசினிதான் ஆய்வுகூடம்: வீட்டில் படிக்கும் பிள்ளைகளோடு விஞ்ஞானப் பரிசோதனைகள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஃபிளாட்டில் எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே படிப்பிக்கிறோம். மூத்தவளுக்கு 11 வயது, இளையவனுக்கு 6. இதைக் கேள்விப்படுகிற பெற்றோர் கணக்கைப் பற்றியோ ஆங்கிலத்தைப் பற்றியோ அதிகம் கேட்பதில்லை. "அப்போ சயன்ஸுக்கு என்ன செய்வீங்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆய்வுகூடம் இல்லாத வீட்டில் விஞ்ஞானம் படிப்பிக்க முடியுமா?

முடியும். தரம் 6 இலிருந்து 9 வரையான விஞ்ஞானப் பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாகத் தரவிறக்கலாம். அதிலுள்ள செயற்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு போத்தல், பலூன், மெழுகுதிரி, உப்பு, பயறு, கண்ணாடித் தம்ளர் இருந்தால் போதும். ஆய்வுகூடம் கட்டாயம் தேவைப்படுவது மேல் வகுப்பு இரசாயனவியலுக்குத்தான். அந்த வயதுக்கு வந்தபின் அதைப் பற்றி யோசிக்கலாம்.

அப்பச்சோடா எரிமலை செய்தோம். பொங்கியது, பிள்ளை கைதட்டினாள். அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகுதான் பரிசோதனையே தொடங்குகிறது. பொங்கியது வேடிக்கை. வேடிக்கை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றைச் செய்து காட்டுவதில் பிள்ளைக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரேயொரு விடயத்தை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, "இப்போது என்ன ஆகும், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால் அது பரிசோதனை. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் கடைசியில் இந்த ஒன்றுக்குத்தான் வந்து நிற்கும்.

எரிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். களிமண் மலை வேண்டாம், ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தல் போதும். அதற்குள் 60 மில்லிலீற்றர் வினாகிரி. பலூனுக்குள் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா. பலூனைப் போத்தல் வாயில் மாட்டி, சோடாவை உள்ளே கொட்டச் சொல்லுங்கள். ஊதிய பலூனைச் சுற்றி நூல் போட்டு அளந்து எழுதட்டும். அப்புறம் புதிய வினாகிரியோடு ஒரு தேக்கரண்டி, அடுத்து ஒன்றரை, அடுத்து இரண்டு. செய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் பிள்ளை தன் ஊகத்தைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் இருவருமே "சோடா இரண்டு மடங்கு, பலூனும் இரண்டு மடங்கு" என்றுதான் நம்பினார்கள். சாதாரண வினாகிரி என்றால் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்கு மேல் பலூன் பெருப்பது நின்றுவிடும். போத்தலின் அடியில் கரையாத சோடா வெள்ளையாகக் கிடக்கும். ஏன் நின்றது? என்ன முடிந்துபோனது? மூத்தவள் போத்தலில் இன்னும் கொஞ்சம் வினாகிரி ஊற்றிப் பார்த்தாள், அது மறுபடி நுரைத்தது. விடை அவளுக்கே கிடைத்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை.

என்ன சாமான்கள் வாங்கி வைக்கவேண்டும்?

குறைவாக வாங்குங்கள். "சயன்ஸ் கிட்" என்று பெட்டியில் வருபவற்றில் பாதி பிளாஸ்டிக், மீதி வழிமுறைத் தாள். உண்மையில் பிரயோசனப்படுவது ஊசி இல்லாத சிரிஞ்ச். பார்மசியில் 5, 10, 20 மில்லிலீற்றர் அளவுகளில் மலிவாகக் கிடைக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் 7 மில்லிலீற்றரைச் சரியாக அளக்க வரும். அதோடு கிராம் காட்டும் குசினித் தராசு, சிவப்பு அல்லது நீலத் திரவம் உள்ள வெப்பமானி (இரசம் உள்ளது வேண்டவே வேண்டாம்), ஒரு கைவில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் ஒரு மலிவான மல்டிமீற்றர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்குமிழ், எல்.ஈ.டி., வயர், பற்றரிக் கூடு எல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். படிகாரம், சுண்ணாம்பு போன்றவற்றுக்கு நாட்டு மருந்துக் கடை. கேபோஸ் லேன் பக்கம் போனால் வாசனையே வழிகாட்டும்.

ஜாம் போத்தல்களை எறியாதீர்கள். அவ்வளவுதான்.

வீடியோவில் வருவது போல எங்கள் வீட்டில் வருவதில்லை. எங்கே பிழை?

பெரும்பாலும் பிழை உங்களிடம் இல்லை, காற்றில் இருக்கிறது. பலூனைத் தலைமயிரில் தேய்த்துச் சுவரில் ஒட்டுவது, சீப்பால் தண்ணீர்த் தாரையை வளைப்பது போன்றவை குளிர்நாட்டு மாரிகாலத்தில், வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும்போது அற்புதமாக நடக்கும். கொழும்பில் ஈரப்பதன் ஆண்டு முழுக்க உயர்வு. பொருட்களின் மேற்பரப்பில் படிகிற மெல்லிய ஈரப் படலம் வழியாக மின்னேற்றம் ஒழுகிப் போய்விடும். பலூன் இரண்டு செக்கனில் விழும்.

இதை விட்டுவிடாமல் பரிசோதனையாக்குங்கள். அதே பலூன், அதே தலை, அதே எண்ணிக்கைத் தேய்ப்பு. ஒருமுறை குசினியில், சோறு வேகும்போது. இன்னொருமுறை ஏ.சி. ஓடிக் கதவு பூட்டியிருந்த அறையில். எத்தனை செக்கன் ஒட்டி நிற்கிறது என்று எண்ணுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏ.சி. இல்லாவிட்டால் ஜனவரி, பெப்ரவரி மாதப் பிற்பகல்களுக்குக் காத்திருங்கள். வடகீழ்ப் பருவக் காற்று நிலத்தைக் கடந்து வருவதால் அந்த நாட்களில் கொழும்பும் சற்றுக் காய்ந்திருக்கும்.

உப்புப் பளிங்கும் அப்படித்தான். "ஒரு வாரத்தில் பளிங்கு வளரும்" என்று வீடியோ சொல்லும். இங்கே மே மாத மழையில் தட்டு அப்படியே தண்ணீராகக் கிடக்கும். காரணம் சுவாரசியமானது: காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கொழும்பு இரவுகளில் அந்த எல்லையைத் தாண்டுவது சர்வசாதாரணம். மழைநாளில் உப்புப் போத்தல் கசிந்து கட்டிபடுவதை எல்லோர் வீட்டுக் குசினியிலும் பார்த்திருப்பீர்கள், அது இதேதான். பளிங்குதான் வேண்டும் என்றால் படிகாரத்தில் செய்யுங்கள். சுடுநீரில் கரையுமட்டும் கரைத்து, வடித்து, ஆறவிட்டால் மறுநாளே சின்னச் சின்ன எண்முகிகள் தெரியும். நல்லதாக ஒன்றைத் தெரிந்து நூலில் கட்டி அதே கரைசலில் தொங்கவிட்டால் அது பெருக்கும். ஒரு தட்டில் உப்பு, ஒரு தட்டில் படிகாரம், இரண்டையும் பல்கனியில் அருகருகே வைத்து எது காய்கிறது என்று பார்ப்பது இன்னும் நல்லது.

மெழுகுதிரியைத் தண்ணீர்த் தட்டில் வைத்துப் போத்தலால் மூடினால் தண்ணீர் ஏறும். ஒட்சிசன் முடிந்ததால் ஏறுகிறது என்று சொல்லிக் கொடுத்தேன். சரிதானே?

இதைத்தான் நம்மில் அநேகம்பேர் பள்ளிக்கூடத்தில் படித்தோம். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன், தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது" என்று கோடு போட்டுக் காட்டுவார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் விளக்கம் பிழை. பிழை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கலாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது.

கோதுமை மா உருண்டையில் பிறந்தநாள் மெழுகுதிரி ஒன்றைக் குத்தி, தட்டின் நடுவில் வையுங்கள். ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர், பார்க்கச் சுலபமாக இரண்டு துளி நிறம். கொளுத்தி, உயரமான ஜாம் போத்தலால் மூடுங்கள். அணைந்ததும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று போத்தலில் கோடு போடுங்கள். இனி அதே போத்தல், அதே தண்ணீர், மெழுகுதிரி மட்டும் இரண்டு. பிறகு மூன்று. போத்தலுக்குள் இருக்கும் ஒட்சிசன் மாறவில்லை. தண்ணீரை ஏற்றுவது ஒட்சிசன் குறைவு என்றால் மூன்று முறையும் ஒரே கோட்டில்தான் நிற்கவேண்டும். நிற்காது. மெழுகுதிரி கூடக்கூடத் தண்ணீர் கூட ஏறும்.

அடுத்ததாக, எப்போது ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எரியும்போது மெதுவாக ஏறிவரும் என்று நினைப்போம். பெரும்பகுதி ஏற்றம் சுடர் அணைந்த பிறகு ஒரே இழுப்பாக நடக்கும். போத்தலை மூடும் நேரத்தில் விளிம்புக்கு அடியால் குமிழிகள் வெளியேறுவதும் தெரியும். சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் ஒடுங்குகிறது, வெளியே உள்ள வளியமுக்கம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஒட்சிசன் செலவாவது உண்மை, அதற்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டும் நீராவியும் வருகின்றனவே. இன்னொன்று, மெழுகுதிரி அணையும்போது ஒட்சிசன் தீர்ந்துபோவதில்லை. காற்றில் 21 சதவீதமாக இருந்தது சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கினாலே சுடர் நின்றுவிடும்.

பாடநூல் சொல்வதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பதை 11 வயதில் ஒரு பிள்ளை விளங்கிக்கொண்டால், மற்றதெல்லாம் பின்னால் தானாக வரும். பரீட்சைத் தாளில் என்ன எழுதுவது என்ற கரைச்சல் அப்புறம் பார்க்கலாம்.

அமிலம், காரம் காட்ட பாசிச்சாயத்தாள் எங்கே வாங்குவது?

வாங்காதீர்கள். செவ்வரத்தம்பூ ஐந்தாறைச் சுடுநீரில் ஊறவிடுங்கள். ஊதா நிறத்தில் ஒரு சாறு வரும். தேசிக்காய் விட்டால் நல்ல சிவப்பு, அப்பச்சோடா போட்டால் பச்சைப் பக்கம் போகும். நீலச் சங்குப்பூவும் நன்றாக வேலை செய்யும்: தேசிக்காயில் ஊதா, காரத்தில் பச்சை.

மஞ்சளும் ஒரு காட்டிதான், ஆனால் அரைக் காட்டி. காரத்தில் சிவக்கும்; அமிலத்திலும் வெறுந்தண்ணீரிலும் மஞ்சளாகவே இருக்கும். கலியாண வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆலாத்தித் தண்ணீர் ஏன் சிவப்பு என்று கேட்டுவிட்டு, அதில் தேசிக்காய் பிழியச் சொல்லுங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும். கறி கொட்டிய வெள்ளைச் சட்டையைச் சவர்க்காரத்தால் தோய்க்கும்போது கறை சட்டென்று சிவந்து, அலசியதும் மறுபடி மஞ்சளாவதையும் கவனிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள்: உப்புத் தண்ணீர், சீனித் தண்ணீர், வினாகிரி, சவர்க்காரத் தண்ணீர் நான்கையும் பெயர் ஒட்டாமல் வைத்தால், மஞ்சளை மட்டும் வைத்து எவற்றைப் பிரிக்கலாம், எவற்றைப் பிரிக்க முடியாது? செவ்வரத்தை வந்தால் என்ன கூடுதலாகத் தெரியும்? ருசி பார்ப்பது தடை.

மிதத்தல், அமிழ்தல் செய்தாகிவிட்டது. கல், மரம், முட்டை எல்லாம் போட்டுப் பார்த்தோம். புதிதாக ஏதாவது?

தேங்காய் எண்ணெய். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்துக் கட்டியாக்குங்கள். ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையும். கொழும்பில் அலுமாரியில் எப்போதும் திரவமாக இருப்பது நுவரெலியாவில் சித்தி வீட்டில் ஏன் கட்டியாக இருக்கிறது என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் வந்துவிடும். இப்போது இரண்டு தம்ளர். ஒன்றில் தண்ணீர், அதில் ஐஸ் கட்டி. மற்றதில் தேங்காய் எண்ணெய், அதில் உறைந்த எண்ணெய்க் கட்டி. ஐஸ் மிதக்கும். அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை எண்ணெய்க் கட்டியும் மிதக்கும் என்று சத்தியம் பண்ணும். அது அடியில் போய்க் குந்தும். (கட்டிக்குள் காற்றுக் குமிழ் அகப்பட்டால் ஏமாற்றும், ஆகவே மெதுவாக ஊற்றி உறையவிடுங்கள்.) உறையும்போது விரிகிற தண்ணீர்தான் விதிவிலக்கு, எண்ணெய் வழமையானது.

மூன்றாவது தம்ளரை மறக்காதீர்கள்: எண்ணெயில் ஐஸ். இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஐஸ் கட்டி மேலே வருவதா கீழே போவதா என்று தெரியாமல் தயங்கி நிற்கும். கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றி எண்ணெய் வெள்ளையாக மங்கும். பிறகு உருகிய நீர் ஒரு துளியாகத் திரண்டு, கழுத்து நீண்டு, அறுந்து, கண்ணாடிக் குண்டு மாதிரி மெதுவாக எண்ணெய்க்குள் இறங்கும். அடியில் போய் மற்றத் துளிகளோடு சேரும். இளையவன் தம்ளர் மட்டத்துக்குத் தாடையை மேசையில் வைத்துக்கொண்டு கடைசித் துளி வரைக்கும் பார்த்தான். டிவி கூட அவனை அவ்வளவு நேரம் இருத்தியதில்லை.

எங்கள் ஊருக்கென்று பொருத்தமான பரிசோதனை உண்டா?

யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வரும்போது முருங்கைக்காயோடு ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. ஒரே மாதிரி இரண்டு மூடிப் போத்தல்களில் ஒன்றில் 50 மில்லிலீற்றர் கொழும்புக் குழாய்த் தண்ணீர், மற்றதில் 50 மில்லிலீற்றர் கிணற்றுத் தண்ணீர். சவர்க்காரத்தைச் சீவித் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலைச் சிரிஞ்சால் 1 மில்லிலீற்றர் வீதம் விட்டுக் குலுக்குங்கள். நுரை அரை நிமிடம் நிலைத்து நிற்க எத்தனை மில்லிலீற்றர் தேவை? கொழும்புத் தண்ணீர் களனி ஆற்றிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது, மென்மையானது. கெதியாக நுரைக்கும். யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் ஊறியது, கல்சியம் கூடிய வன்னீர். நுரைக்குப் பதிலாக வெள்ளைத் திரிதான் முதலில் வரும். ஷாம்பூவோ பாத்திரம் கழுவும் திரவமோ வைத்துச் செய்தால் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது, அவை வன்னீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. பழைய கட்டிச் சவர்க்காரம்தான் வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு மறுபடி அளந்தால்? அதை நான் சொல்லப்போவதில்லை, செய்து பாருங்கள். அம்மம்மா வீட்டுக் கேத்தலின் உட்பக்கம் நினைவிருக்கட்டும்.

வயது வித்தியாசம் உள்ள பிள்ளைகளை ஒன்றாக இருத்திச் செய்யலாமா?

செய்யலாம், வேலையைப் பிரித்துக் கொடுத்தால். சின்னவர் ஊற்றுவார், எண்ணுவார், படம் கீறுவார். பெரியவர் அளப்பார், அட்டவணை போடுவார், எது மாறாமல் இருக்கவேண்டும் என்று காவல் பார்ப்பார். அப்ப மாப் பரிசோதனை இதற்கு நல்லது. மூன்று போத்தலில் ஒரே அளவு ஈஸ்ட், சீனி, தண்ணீர். தண்ணீரின் சூடு மட்டும் வேறு: ஃபிரிட்ஜ் தண்ணீர், இளஞ்சூடு, கை வைக்க முடியாத சூடு. மூன்றுக்கும் பலூன் தொப்பி. இளஞ்சூட்டுப் பலூன்தான் எழும்பும். குளிரில் ஈஸ்ட் சோம்பல், கொதிசூட்டில் செத்துப்போகும். ஃபிரிட்ஜ் போத்தல் அறைச் சூட்டுக்கு வந்ததும் தாமதமாக எழும்பும், மற்றது எழும்பவே எழும்பாது. தூக்கத்துக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு வயதுப் பிள்ளை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்காது. போத்தலை மூடியால் இறுக்கி மூடக்கூடாது, பலூன் மட்டும்.

பிள்ளை கேட்கும் கேள்விக்கு எனக்கே விடை தெரியாவிட்டால்?

"தெரியாது, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று சொல்லுங்கள். ஆசிரியருக்கு இது சிரமம், அம்மா அப்பாவுக்குச் சிரமமில்லை.

மின்சாரம் படிப்பிக்கப் பயமாக இருக்கிறது.

சுவர்ச் செருகியில் 230 வோல்ட். அதில் பரிசோதனை கிடையாது, ஒருபோதும். ட்ரிப் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அது எதற்கு என்பதை மட்டும் காட்டுங்கள். மற்றதெல்லாம் 1.5 வோல்ட் பற்றரியோடு. செப்புக் கம்பியும் நாகம் பூசிய ஆணியும் குத்திய தேசிக்காய் ஒன்று ஒரு வோல்ட்டுக்குக் கிட்டத் தரும். நான்கைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்.ஈ.டி. மங்கலாக எரியும். தேசிக்காய் விற்கிற விலைக்கு உருளைக்கிழங்கு போதும், அதுவும் வேலை செய்யும். அதே இணைப்பில் டோர்ச் குமிழ் எரியாது. வோல்ட் காணும், மின்னோட்டம் காணாது. ஏன் என்று மல்டிமீற்றரை வைத்துத் தேடுவது மூத்த பிள்ளைக்கு ஒரு வாரத்துப் பாடம். ஆணி குத்திய காயைக் கறியில் போடாதீர்கள்.

எதைக் கட்டாயம் தவிர்க்கவேண்டும்?

வெளுக்கும் குளோரின் திரவத்தை எதனோடும் கலக்கக்கூடாது, வினாகிரியோடும் கழிப்பறைத் திரவத்தோடும் குறிப்பாக. வருவது நச்சு வாயு. வாயு உண்டாகும் எதையும் இறுக்கி மூடிய போத்தலில் செய்யாதீர்கள். பட்டன் பற்றரியும் சின்ன வலுக் காந்தங்களும் சிறு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம், விழுங்கினால் அறுவைச் சிகிச்சை வரை போகும். பட்டாசு மருந்தைப் பிரிப்பது, ஸ்பிரிட்டைச் சுடருக்குப் பக்கத்தில் வைப்பது இரண்டும் கூடாது. சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதி வெண்மையாக்கும் பரிசோதனை நல்லது, ஆனால் ஸ்ட்ரோவின் மேற்பகுதியில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். பிள்ளை மறந்து உறிஞ்சினாலும் சுண்ணாம்பு வாய்க்கு வராது. நீற்றாத சுண்ணாம்பை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடப் பழக்குங்கள், நீங்களும் போடுங்கள்.

டெங்குக் காலத்தில் தண்ணீர் வைத்துச் செய்யலாமா?

மூடி வையுங்கள், அல்லது வாரத்துக்குள் ஊற்றிவிடுங்கள். ஈடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக 7 முதல் 10 நாள் போதும். பல்கனியில் மறந்துபோன ஒரு யோகட் கோப்பை போதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் "இது சயன்ஸ் ப்ரொஜெக்ட்" என்பது செல்லாது. மழைமானி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு காலையும் அளந்துவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள். எப்படியும் மழையை அப்படித்தான் அளக்கவேண்டும். நுளம்புக் குடம்பியை வளர்த்துக் காட்டலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். வண்ணத்துப்பூச்சி வளருங்கள், தேசி மரத்து இலையில் புழு தானாகவே கிடைக்கும்.

ஃபிளாட்டில் இருந்துகொண்டு வானத்தைப் பற்றி என்ன செய்வது?

மொட்டை மாடிச் சாவியை வாங்குங்கள். போயாவுக்குப் போயா நிலவு வளர்வதையும் தேய்வதையும் படமாகக் கீறுவதுதான் ஆரம்பம். கலண்டரில் விடுமுறையாகவே குறித்திருப்பதால் மறக்கவும் முடியாது.

ஏப்ரல் 7 ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் 12.12 அளவில் கொழும்பில் சூரியன் நேரே தலைக்கு மேல். நேராக நிறுத்திய தடிக்கு நிழல் இராது. செப்டெம்பர் 5 ஐ ஒட்டியும் இது நடக்கும், அப்போது மழை மறைக்காவிட்டால் இரண்டாவது வாய்ப்பு. ஏப்ரலில் யாழ்ப்பாணத்தில் உள்ள மாமாவின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நாள், நிழல் மிகச் சிறியதாகும் நேரத்தில், அவர்களுடைய 1 மீற்றர் தடிக்கு 5 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான நிழல் விழும். அதிலிருந்து கோணம் சுமார் 2.7 பாகை. இரண்டு நகரங்களும் ஏறக்குறைய வடக்குத் தெற்காக, 300 கிலோமீற்றர் இடைவெளியில். 2.7 பாகைக்கு 300 கிலோமீற்றர் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? 40,000 கிலோமீற்றர், பூமியின் சுற்றளவு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரடொஸ்தெனீஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் இதைத்தான் செய்தார். அவரிடம் வட்ஸ்அப் இல்லை. நிழலை அரைச் சென்ரிமீற்றர் தவறாக அளந்தாலும் விடை பத்து வீதம் ஓடிவிடும், ஆகவே தூக்குக்குண்டு கட்டித் தடியை நேராக நிறுத்துங்கள். யாரும் சூரியனை நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது.

கொழும்பில் எங்கே கூட்டிப் போகலாம்?

கொழும்பு 7 இல் கோள்மண்டலம் இருக்கிறது, 1965 இல் கட்டியது. காட்சி நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். 1877 இல் திறந்த தேசிய நூதனசாலைக்குப் பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை. என் தேர்வு கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா. 2018 இல் உலகின் முதல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு தெரிவானது இப்படியான இடங்களால்தான். விடியவே போங்கள். ஒரு நீர்க்காகம் முழுகி எழும்பி, சிறகை விரித்துக் காயவைக்கும். வாத்து ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

பரீட்சைக்கு இது உதவுமா? சட்டச் சிக்கல் உண்டா?

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானம் எழுத்துத் தாள்தான், ஆனால் கேள்விகள் செயற்பாடுகளைச் சுற்றியே வரும். கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.ஈ. விஞ்ஞானப் பாடங்களில் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தாள் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். அட்டவணை போட்டு, வரைபு கீறி, "எதை மாறாமல் வைத்தாய்" என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு அது கஷ்டமாக இராது. சட்டத்தைப் பொறுத்தவரை, இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். உங்கள் நிலைமையை வலயக் கல்வி அலுவலகத்தில் நேரே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். அயலவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

"இது விளையாட்டு, படிப்பு எப்போது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

அவர்களையும் வேலையில் சேர்த்துவிடுங்கள். தயிர் ஏன் சில நாள் உறைகிறது, சில நாள் உறையாது என்பதில் எங்கள் அம்மம்மாவைவிடத் தெரிந்தவர் இந்த வீட்டில் இல்லை. உறை எவ்வளவு, பாலின் சூடு எவ்வளவு என்று பேத்தி வெப்பமானியோடு பின்னால் நின்று எழுத ஆரம்பித்த பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. இப்போது வருகிற குறை, குசினியில் கரண்டி ஒன்றும் மிஞ்சவில்லை என்பதுதான்.

எவ்வளவு எழுத வைக்கவேண்டும்?

ஊகம், செய்தது, நடந்தது. மூன்று வரி. சின்னவருக்குப் படம் போதும். ஊகம் பிழைத்தால் அழிக்க விடாதீர்கள், பேனையால் எழுதச் சொல்லுங்கள்.

செய்து முடித்ததைச் சாப்பிடலாமா?

தயிரும் அப்ப மாவும் சாப்பிடலாம், சுத்தமான பாத்திரத்தில் செய்திருந்தால். மற்றதற்கென்று தனியாக ஒரு பேசின், தனிக் கரண்டிகள், சிவப்பு ரேப் சுற்றிய தம்ளர்கள் வைத்திருங்கள். தேங்காய் எண்ணெயைச் சிங்குக்குள் ஊற்றாதீர்கள், கீழ்வீட்டுக் குழாயும் சேர்ந்து அடைக்கும். பழைய போத்தலில் சேர்த்து வைத்தால் கதவுப் பிணைச்சலுக்கும் அடுத்த பரிசோதனைக்கும் ஆகும்.